முன்வாசலில் சைக்கிளுக்கு இடமில்லை

அந்தக் கல்லூரியில் அவளை எல்லோரும் விசிலக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்ற காவலாளிகளிடமும் விசில் இருந்தது. ஆனால் அவர்கள் ஊதினால், ஏதோ காக்கா கத்திய மாதிரி மாணவர்கள் தங்கள் பாட்டுக்குப் போவார்கள். இவள் ஒரு தடவை ஊதினால் போதும், ஒரே பைக்கில் மூன்று பேராக வந்தவர்களில் நடுவில் இருப்பவன் யாரும் சொல்லாமலே இறங்கி, என்னவோ அந்தப் பக்கமாக நடந்து வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வான்.

அதற்கு முன்னால் அவள் சட்டை தைக்கும் கம்பெனி ஒன்றில் பொத்தான் பிரிவில் இருந்தாள். கம்பெனி மூடியதும், கல்லூரியில் காவலாளிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த அவளுடைய அண்ணன்தான் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். அதனால் அண்ணன் சொல் அவளுக்கு வேத வாக்கு. "கேட்டுல நிக்கிறவளுக்கு மூளை வேணாம், கண்ணு இருந்தா போதும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார்.

மூளையும் வேண்டியிருந்தது. மாணவர் வண்டிக்கு இருந்த விதிகளை முழுசாகத் தெரிந்து வைத்திருப்பதே ஒரு படிப்பு. முதலாண்டு மாணவர்கள் மோட்டார் வண்டி கொண்டுவரக் கூடாது. ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி உள்ளே வரக் கூடாது. ஹெல்மெட் போடாதவன் அப்படியே திரும்பிப் போக வேண்டும். ஹெல்மெட்டை வீட்டிலிருந்து கையில் மாட்டிக்கொண்டு வந்து, கேட்டுக்குக் கூப்பிடு தூரத்தில் நிறுத்தித் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் பையன்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். "தம்பி, ஹெல்மெட் எனக்கு இல்லப்பா, உன் மண்டைக்கு" என்பாள். "மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லக்கா, காலி வீட்டுக்கு எதுக்குப் பூட்டு?" என்று ஒருவன் பதில் சொன்னதை நினைத்து நாள் முழுக்கச் சிரித்தாள்.

சைக்கிள்கள் தனிக் கதை. நூலகத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஸ்டாண்ட் இருந்தது. அங்கே விடாமல் வகுப்பு வாசலின் சாய்வுப் பாதைக் கைப்பிடியில் சங்கிலி போட்டுக் கட்டினால், சக்கர நாற்காலியில் வரும் மாணவன் எப்படி ஏறுவான்? அப்படிக் கட்டியதை இவள் போய் இன்னொரு சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுக் காத்திருப்பாள். உரியவன் வந்து தலையைச் சொறிவான். நாலு திட்டு கொடுத்துத் திறந்துவிடுவாள். படிப்பு முடிந்து போனவர்கள் விட்டுப்போன சைக்கிள்கள் ஸ்டாண்டின் கோடியில் துருப்பிடித்துக் கிடந்தன. அநாதைகள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்திருந்தாள்.

சைக்கிளில் வருகிறவர்களில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் ஆண்டு கணக்குப் பாடம். அவளுடைய சைக்கிளில் மணி உடைந்து போயிருந்தது. அதற்குப் பதிலாக, திருப்பத்தில் வரும்போதே "ட்ரிங் ட்ரிங்" என்று வாயாலேயே சத்தம் போட்டுக்கொண்டு வருவாள். பேராசிரியர் குறுக்கே வந்தாலும் அதே ட்ரிங்தான். கேட்டில் இருந்தவர்கள் அவளை ட்ரிங் என்றே கூப்பிட்டார்கள்.

"ஒரு மணி வாங்கி மாட்டக் கூடாதா?"

"மணி அடிச்சா யாருமே ஒதுங்க மாட்டாங்கக்கா. வாயால கத்தினா, எந்தப் பைத்தியம்னு திரும்பிப் பாக்குறாங்க. அப்படியே ஒதுங்கிடுறாங்க."

ட்ரிங்குடைய அம்மா ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அப்பா இல்லை. அதெல்லாம் விசிலக்காவுக்குப் போகிறபோக்கில் தெரிந்தது. கேட்டில் நிற்கிறவளிடம் யாரும் உட்கார்ந்து கதை சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் என்று சேர்ந்து சேர்ந்து ஒரு ஆளே தெரிந்துவிடும்.

அந்த வருஷம் புதிதாக ஒரு நிர்வாக அதிகாரி வந்தார். முன்வாசலைப் பெரிதாக்கிக் கல் பதித்து, விருந்தினர் கார்கள் வந்து வளைந்து நிற்க வட்டம் போட்டார்கள். வட்டம் போட்ட கையோடு ஒரு விதியும் வந்தது. இனி முன்வாசல் கார்களுக்கும் ஊழியர்களுக்கும் மட்டும். மாணவர்களின் பைக்கும் சைக்கிளும் பின்கேட் வழியாகத்தான் வர வேண்டும். நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் எழுதி, காவல் அறைச் சுவரில் திருகி வைத்தார்கள்.

பின்கேட்டுக்குப் போக உள்வழி கிடையாது. கல்லூரி மதிலை ஒட்டி ஓடும் பெருஞ்சாலையில் போய்ச் சுற்றித்தான் வர வேண்டும். பக்கத்தில் சிமெண்ட் ஆலை. லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்த மாதிரி போய்க்கொண்டே இருக்கும். சாலைக்கும் மதிலுக்கும் நடுவில் சாக்கடை. சைக்கிள்காரன் ஒதுங்க வேண்டுமென்றால் ஒன்று சாக்கடைக்குள் போக வேண்டும், இல்லை மதிலுக்குள் போக வேண்டும்.

முதல் வாரமே அவள் அண்ணனிடம் சொன்னாள். "அண்ணா, பைக்காவது பரவாயில்லை, முறுக்கிக்கிட்டு ஓடிடும். சைக்கிளை அந்த ரோட்டுல அனுப்பாதீங்க. சின்னப் பிள்ளைங்க. மேல சொல்லுங்க."

"சொன்னேன். கேட்டுக்கு வெளியில நடக்கிறது நம்ம பொறுப்பு இல்லைன்னுட்டாங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா வாயை மூடிக்கிட்டு நில்லுன்னு அர்த்தம். உனக்கும் எனக்கும்."

அவள் வாயை மூடிக்கொண்டுதான் நின்றாள். ஆனால் கையை மூடவில்லை. முன்வாசலில் ஆள் நுழையும் சின்னக் கதவு ஒன்று இருந்தது. சைக்கிளிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை, பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு அதன் வழியாக விட்டாள். விஷயம் தெரிந்து நாலைந்து பேர் அப்படி வந்தார்கள். ட்ரிங் அவர்களில் ஒருத்தி. சத்தம் போடாமல் உதட்டை மட்டும் 'ட்ரிங்' என்று அசைத்துவிட்டு உள்ளே போவாள்.

ஒரு நாள் விசிலக்கா அப்படி விட்டுக்கொண்டிருந்தபோது நிர்வாக அதிகாரியின் கார் பின்னால் வந்து நின்றது. அவர் கத்தவில்லை. கண்ணாடியை இறக்கி, பலகையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். கண்ணாடி ஏறிவிட்டது. மத்தியானம் அண்ணன் வந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"இன்னொரு தடவை நடந்தா உன்னை மட்டும் இல்ல, என்னையும் சேர்த்து அனுப்பிடுவேன்னு சொல்லிட்டார். என் ரெண்டு பொண்ணுங்களை நினைச்சுப் பாரு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இத்தோட விட்டுடு."

பள்ளிக்கூடம் போகிற மகன் அவளுக்கும் இருந்தான். சரி என்றாள்.

பரீட்சை தொடங்கிய அன்று காலையிலிருந்தே மழை. ட்ரிங் தாமதமாக வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தொப்பி, பையை நெஞ்சுப் பக்கமாக மாட்டியிருந்தாள், காகிதம் நனையக் கூடாதே என்று. கேட்டுக்கு வந்து இறங்கினாள். உள்ளே வட்டத்தில் அதிகாரியின் கார் நின்றிருந்தது. அண்ணன் குடையோடு அதன் பக்கத்தில் நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இன்னைக்கு மட்டும். தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

"முடியாதும்மா. பின்கேட்டுக்குப் போ."

"பரீட்சைக்கு நேரமாச்சுக்கா. மணி அடிச்சிடுவாங்க."

"சைக்கிளை இங்கேயே வெளியில போட்டுட்டு ஓடு."

ட்ரிங் திரும்பிப் பார்த்தாள். போன மாதம்தான் அந்த இடத்தில் வெளியே நிறுத்திய இரண்டு சைக்கிள்கள் களவு போயிருந்தன. அம்மா சலவைக் கடையில் முன்பணம் கேட்டு வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. "வேணாம்கா, சுத்தியே போயிடுறேன்" என்றாள். கோபித்துக்கொள்ளவில்லை. அது ஒன்றுதான் பிறகு விசிலக்காவை அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். ஏறி உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, மழைக்குள் மிதித்துக்கொண்டு போனாள். திருப்பத்தில் "ட்ரிங்" என்று ஒரு தடவை கேட்டது.

அடுத்து வந்த ஊழியர் வண்டியின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பிரேக் இழுபடும் சத்தம் வந்தது. அப்புறம் ஆட்கள் கத்தும் சத்தம். அவள் கேட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். செருப்பு வழியிலேயே கழன்றது.

மதிலோரம் லாரி குறுக்காக நின்றது. ஓட்டுநர் இறங்கி நடுச்சாலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தான். சைக்கிள் சாக்கடையில் கிடந்தது. விசிலக்கா அந்தப் பெண்ணின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பேச்சு இல்லை. பை மட்டும் நெஞ்சில் அப்படியே இருந்தது, உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது. பரீட்சை அறை வாசலிலிருந்து தோழி யாரோ. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போனபோது சுவரில் நீலப் பலகை இல்லை. திருகாணி போட்ட ஓட்டைகளில் புதுச் சுண்ணாம்பு பூசியிருந்தது. முன்வாசலில் மாணவர்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே சைக்கிள்கள் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தன, யாரும் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்கு வந்தார். அவளுடைய வீட்டுக்காரரும் இருந்தார், அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவர், அதிகம் பேசாத மனுஷர். அண்ணன் டீயைத் தொடவில்லை.

"நாளைக்கு விசாரணை. அந்தப் பொண்ணு கேட்டுக்கு வரவே இல்லைன்னு சொல்லிடு. போன்ல பேசிக்கிட்டே நேரா ரோட்டுல போனதைப் பாத்தேன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"போன் பைக்குள்ள இருந்துச்சுண்ணா."

"உனக்கும் எனக்கும்தானே தெரியும்? கேமரா அன்னைக்கு ஓடலையாம்."

"பலகைண்ணா?"

"எந்தப் பலகை?"

அவள் அண்ணனையே பார்த்தாள். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

"புரிஞ்சுக்கோ. அப்படி ஒரு விதியே கிடையாதுன்னு எழுதியாச்சு. இனிமே நீ திருப்பி அனுப்பினேன்னு சொன்னா, யார் சொல்லி அனுப்பினேன்னு கேப்பாங்க. எல்லாப் பழியும் உன் தலையில. வேணும்னே போய்க் குழியில விழாதே. செத்தவ திரும்பி வரப் போறதில்ல."

அவர் போன பிறகு வீட்டுக்காரரிடம் கேட்டாள், "நான் என்ன பண்ணட்டும்?"

அவர் வெகுநேரம் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "எனக்குத் தெரியலையே" என்றார் கடைசியில். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அதற்காக அவள் அவரைக் குறை சொல்லவில்லை.

விசாரணை முதல்வர் அறையில் நடந்தது. நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். முதல்வர், நிர்வாக அதிகாரி, ஒரு போலீஸ் அதிகாரி. சுவரோரம் ட்ரிங்குடைய அம்மாவும் தாய்மாமாவும். அம்மாவின் வலது கையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய வடுக்கள் இருந்தன. அந்தக் கையால் மூக்கைத் துடைத்தபடி யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நிர்வாக அதிகாரி மரியாதையாகப் பேசினார். கவனக் குறைவு, கைபேசி, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். தாய்மாமா எழுந்து, "எங்க பொண்ணு அப்படிப் போற பொண்ணு இல்லைங்க" என்றார். "வருத்தம் புரியுது, உட்காருங்க" என்றார் அதிகாரி. அம்மா அப்போதும் நிமிரவில்லை. போன் பேசிக்கொண்டு போய் மாட்டிக்கொண்டாள் என்பதை அவள் ஏற்கெனவே பத்து வாயால் கேட்டுவிட்டாள் என்று தோன்றியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

விசிலக்காவைக் கூப்பிட்டார்கள். எழுந்து நிற்கும்வரை என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"அந்தப் பொண்ணு கேட்டுக்கு வந்தாங்க. சைக்கிளைத் தள்ளிக்கிட்டு உள்ள போறேன்னு கேட்டாங்க. நான்தான் விடலை. பின்கேட்டுக்குப் போன்னு நான்தான் அனுப்பினேன். போன் பைக்குள்ள இருந்துச்சு. ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான் இருந்துச்சு. நான் பாத்தேன்."



"ஏன் விடலை?" என்றார் போலீஸ் அதிகாரி.

"சைக்கிள் முன்வாசல்ல வரக் கூடாதுன்னு உத்தரவு."

"அப்படி உத்தரவு எதுவும் இல்லையே" என்றார் நிர்வாக அதிகாரி, ஆச்சரியப்பட்ட மாதிரி. "மேற்பார்வையாளர் இருக்காரே, அவரையே கேளுங்க. நீங்க ஏதாவது சொல்லியிருந்தீங்களா?"

அண்ணன் கதவோரம் நின்றிருந்தார். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்திருந்தார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு வெள்ளத்தைக் கடந்த அண்ணன். அவருடைய குரல் யாருடையதோ போல வந்தது.

"இல்லைங்க. நான் எதுவும் சொல்லலைங்க."

அவள் திரும்பவில்லை. "சுவத்துல பலகை இருந்துச்சுங்க. ஓட்டை அடைச்ச சுண்ணாம்பு இன்னும் காயலை. எல்லாப் பிள்ளைங்களுக்கும் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். "அதை அப்புறம் பேசிக்கலாம்" என்றார் முதல்வர்.

அப்போதுதான் ட்ரிங்குடைய அம்மா முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி எதுவும் இல்லை.

மாணவர்கள் பலகை இருந்ததைச் சொன்னார்கள், கூச்சலும் போட்டார்கள். சிலர் போனில் எடுத்த படத்தையும் காட்டினார்கள். அது வெறும் வழிகாட்டுதல்தான், யாரையும் கட்டாயமாகத் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை, காவலாளி தன் இஷ்டத்துக்கு நடந்துகொண்டாள் என்று கல்லூரி பதில் சொன்னது. பரீட்சைகள் தொடர்ந்தன. பிள்ளைகளும் எத்தனை நாள் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள்? விசிலக்காவை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சீருடையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அண்ணன் அங்கே இல்லை, வேறொருவன்தான் வாங்கி வைத்தான்.

"எய்தவன் எங்கேயோ இருக்கான், அம்பைத்தான் முறிக்கிறாங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி அனுதாபப்பட்டாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்புக்கு வாய் கிடையாது. எனக்கு இருந்ததே, போ என்று அந்த வாயால்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ட்ரிங்குடைய அம்மா வீடு தேடி வந்தாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"கடைசியா என்ன சொன்னா?"

"சுத்தியே போயிடுறேன்னு சொன்னா."

"அழுதாளா?"

"இல்ல. கோவப்படக்கூட இல்ல."

"அவ அப்படித்தான்." அந்தம்மா மெதுவாகத்தான் கேட்டாள். "நீ விட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா, இல்ல?"

அதிகாரி, கார், அண்ணனின் குடை, மகனின் பள்ளிக்கூடம், எல்லாம் விசிலக்காவின் நாக்கு நுனிவரை வந்தது. எதையும் சொல்லவில்லை.

"ஆமாம்மா."

அந்தம்மா திரும்பி நடந்தாள். தெருமுனை வரைக்கும் ஒரே சீராக, அவசரமே இல்லாமல் நடந்து போனாள். விசிலக்கா கதவைச் சாத்திவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். மகன் வந்து ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

அண்ணன் வீட்டோடு போக்குவரத்து நின்றுபோனது. அண்ணி ஒரு தடவை சந்தையில் எதிரே வந்தாள். "அவர் தூங்கி ரொம்ப நாளாச்சு" என்றாள். "நானும்தான் அண்ணி" என்று சொல்லிவிட்டு இவள் காய் பொறுக்கினாள். அண்ணன் செய்ததை அவள் யாரிடமும் பழித்துப் பேசவில்லை. மன்னிக்கவும் இல்லை. கூடப் பிறந்தவர் என்பதால் இரண்டுமே முடியவில்லை.

ஒரு குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. கேட் வேலை ஒன்று காலியிருக்கிறது என்று அங்கேயே சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டாள். கல்லூரியில் முன்வாசலுக்குள் சைக்கிளுக்கென்று பச்சை வண்ணத்தில் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாள். திறப்பு விழாவில் நிர்வாக அதிகாரியே சைக்கிள் ஓட்டினாராம்.

வழக்கு லாரி ஓட்டுநர் மேல் மட்டும்தான் நடந்தது. சாட்சி சொல்ல அவளுக்கு அழைப்பு வந்தது. நீதிமன்ற வராந்தாவில் ஒரு நீளப் பெஞ்சு. அதில் இடம் பார்த்து உட்கார்ந்த பிறகுதான் பக்கத்தில் இருப்பவன் அந்த ஓட்டுநர் என்று தெரிந்தது. இளைத்துக் கன்னம் ஒட்டிப் போயிருந்தான். அவளை அடையாளம் தெரியவில்லை.

"நீங்க எந்தக் கேஸும்மா?"

"உங்க கேஸ்தான். அந்தப் பிள்ளையை ரோட்டுக்கு அனுப்பினவ நான்."

"மழைங்கம்மா. கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. திடீர்னு ஒரு குரல் மட்டும் கேட்டுச்சு. என்னமோ விளையாட்டுக் குரல் மாதிரி. என்னன்னு பாக்குறதுக்குள்ள..." என்று சொல்லிக் கையை விரித்தான். அவள் தலையை ஆட்டினாள். அந்தக் குரல் என்ன சொல்லியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனிடம் சொல்லவில்லை. சுமப்பதற்கு அவனுக்கு இருப்பதே போதும்.

எதிர்ப் பெஞ்சில் ட்ரிங்குடைய அம்மா வந்து உட்கார்ந்தாள். மூன்று பேரும் மத்தியானம் வரை அப்படியே இருந்தார்கள். பிறகு குமாஸ்தா வெளியே வந்து, நீதிபதி விடுப்பு, வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவித்தார். ஓட்டுநர் இரண்டு பக்கமும் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான்.

விசிலக்கா எழுந்தபோது அந்தம்மா வழியில் நின்றிருந்தாள்.

"போன் பைக்குள்ள இருந்துச்சுன்னு கோர்ட்டுலயும் சொல்லுவியா?"

"சொல்லுவேன்."

"ரெண்டு கையும் ஹேண்டில்பார்ல இருந்துச்சுன்னு?"

"சொல்லுவேன்மா."

"அடுத்த தேதிக்கும் வந்துடு" என்றாள் அந்தம்மா. படிகளில் இறங்கி, கடைக்கு நேரமாகிவிட்டது போல வேகமாகப் போனாள். விசிலக்கா அவள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை படியிலேயே நின்றுவிட்டு, தன் பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.